ஏப்ரனில் தடவிய அழுக்கு

(வரலாற்றுத் தொடர்: அத்தியாயம் 9)

சென்ற வாரம் பியானோ கலைஞர் ஹேஸல் ஸ்காட்டைக் கொலம்பியா ஸ்டூடியோவின் படப்பிடிப்புத் தளத்தில் விட்டு வந்தோம். ஆண்டு 1943. படம், மே வெஸ்ட் நாயகியாக நடித்த ‘தி ஹீட்ஸ் ஆன்’. பியானோ இருக்கிறது. கேமரா இருக்கிறது. பாட்டுக்கு ஆட வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். ஹேஸல் மட்டும் வேலை செய்ய மாட்டேன் என்கிறார்.

காரணம், ஒரு துண்டுத் துணி.

காட்சியை இன்னொரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. கறுப்பினப் படைவீரர்கள் போருக்குப் புறப்படுகிறார்கள். அவர்களுடைய மனைவியரும் காதலியரும் வழியனுப்ப வருகிறார்கள். ராணுவ மகளிர் படையின் சீருடையில் ஹேஸல் தோன்ற, பாட்டும் ஆட்டமுமாக வீரர்கள் விடைபெறுகிறார்கள். வழியனுப்ப வரும் பெண்களுக்கு ஸ்டூடியோ கொடுத்த உடையில் ஏப்ரன் இருந்தது. அது போதாதென்று, அந்த ஏப்ரன்கள் அழுக்காகத் தெரிய வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். கறுப்பினப் பெண் என்றால் அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வருபவள். ஹாலிவுட்டின் கண்ணுக்கு அப்படித்தான் பழகியிருந்தது.

தன் ஆளைப் போருக்கு அனுப்பும் நாளில் எந்தப் பெண் அழுக்கு ஏப்ரனோடு வந்து நிற்பாள் என்று ஹேஸல் கேட்டார். அவன் திரும்பி வருவானா என்பது தெரியாது. அவன் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போகிற முகம் தன்னுடையது. அன்றைக்கு அவள் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே நல்லதை எடுத்து உடுத்திக்கொண்டுதான் வருவாள். உலகத்தில் எந்த ஊர்ப் பெண்ணும் அப்படித்தான் செய்வாள்.

ஹேஸலின் சொந்த உடையில் ஒரு குறையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தனக்கான உடையைத் தானே முடிவு செய்யும் உரிமையை அவர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். பின்னால் நிற்கப்போகும், பெயர்கூடத் திரையில் வராத பெண்களுக்காக அவர் வேலையை நிறுத்தினார். ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. அசையவில்லை. படப்பிடிப்புத் தளத்தில் ஒவ்வொரு மணி நேரமும் பணம். அதுவும் கொலம்பியாவின் தலைவர் ஹாரி கோன், ஹாலிவுட்டே பயந்த மனிதர்.

மூன்று நாளுக்குப் பிறகு ஸ்டூடியோ இறங்கி வந்தது. ஏப்ரன்கள் போயின. இன்று அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தால், நல்ல உடையணிந்த பெண்கள் தங்கள் வீரர்களை வழியனுப்புவதைப் பார்க்கலாம். பார்ப்பவருக்கு அதில் எந்த விசேஷமும் தெரியாது. மூன்று நாள் போராடி வாங்கிய சாதாரணத்தனம் அது.

ஆனால் ஹாரி கோன் மறக்கிற ஆள் இல்லை. தான் உயிரோடு இருக்கும்வரை இந்தப் பெண் இனி ஒரு ஸ்டூடியோவுக்குள் கால் வைக்க முடியாது என்று அவர் சூளுரைத்தார். அந்தச் சூளுரை பலித்ததா என்பதைப் பார்ப்பதற்கு முன், இன்னொரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு, 1943-இன் ஹாலிவுட்டில், மூன்று நாள் படப்பிடிப்பை நிறுத்தும் தெம்பு எங்கிருந்து வந்தது?

*

அந்தத் தெம்புக்குப் பெயர் ஆல்மா லாங் ஸ்காட்.

ஹேஸல் பிறந்தது 1920 ஜூன் 11 அன்று, டிரினிடாட் தீவின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில். அம்மா ஆல்மா, மேற்கத்திய செவ்வியல் இசையை முறையாகக் கற்ற பியானோ கலைஞர். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். மாணவர்கள் சுரம் தவறி வாசித்தால் மூன்று வயது ஹேஸலுக்குப் பொறுக்காது, கத்துவாள். ஒரு நாள் யாரும் சொல்லித்தராமலேயே பியானோவில் ஏறி உட்கார்ந்து, பாட்டி பாடும் ஒரு பக்திப் பாடலை வாசித்துவிட்டாள். குழந்தைக்குச் சுருதி ஞானம் பிறவியிலேயே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் வீட்டாருக்குத் தெரிந்தது.

1924-இல் அம்மாவும் பாட்டியும் ஹேஸலோடு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். புது ஊரில் செவ்வியல் பியானோ படித்த கறுப்பினப் பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும்? வீட்டு வேலைதான் கிடைத்தது. ஆல்மா பிறர் வீடுகளில் வேலைக்காரியாக உழைத்தார். அந்த உழைப்புக்கு நடுவே தானாகவே சாக்ஸஃபோன் கற்றுக்கொண்டார். பிறகு லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங் நடத்திய மகளிர் இசைக்குழுவில் சேர்ந்தார். அதற்கும் பிறகு சொந்தமாகவே ஒரு மகளிர் குழுவைத் தொடங்கினார். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி என்ற ஒற்றை வரியோடு பலரும் கடந்துபோகும் லில் ஹார்டின், தன்னளவில் பெரிய பியானோ கலைஞர், பாடலாசிரியர், குழுத்தலைவி. அவருக்குத் தனி அத்தியாயம் வரும்.

ஹாலிவுட் முதன்முதலில் ஹேஸலைத் தேடி வந்தபோது கொண்டுவந்த வேடங்கள் எவை தெரியுமா? பாட்டுப் பாடும் வேலைக்காரி. அடுத்ததும் வேலைக்காரி. வரிசையாக நான்கு வாய்ப்புகளை அவர் மறுத்தார். வேலைக்காரி என்ற தொழிலை இளக்காரமாக நினைத்து மறுத்தார் என்று யாராவது எண்ணினால் அது தவறு. அந்தத் தொழிலை அவர் அம்மாவின் கைகளில் பார்த்தவர். அந்தக் கைகளே பியானோவும் வாசித்தன, சாக்ஸஃபோனும் வாசித்தன, ஒரு குழுவையே கட்டி எழுப்பின. ஹாலிவுட் காட்டிய வேலைக்காரிக்கு அந்த மீதி வாழ்க்கை கிடையாது. எஜமானியம்மாவின் காதல் கதைக்குக் கதவு திறந்துவிட்டு ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடுவாள்.

இதே வேலைக்காரி வேடத்தில் நடித்து, 1940 பிப்ரவரி 29 அன்று ஆஸ்கர் வாங்கியவர் ஹாட்டி மக்டேனியல். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். அந்த இரவிலும் சக நடிகர்களோடு உட்கார விடாமல் அவரைத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். அவர் கிடைத்த வேடத்துக்குள்ளேயே உயிரைக் கொண்டுவந்தார். ஹேஸல் அந்த வேடத்தையே வேண்டாம் என்றார். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. இரண்டு பேருக்கும் வேறு வழி வைக்காதவர்கள் யார் என்பதுதான் இந்தத் தொடரின் கவலை.

*

1928 வாக்கில் ஒரு நாள். ஜூலியார்ட் இசைப்பள்ளியில் சேர்வதற்கான குறைந்தபட்ச வயது 16. ஆல்மா எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறார்.

ஹேஸல் வாசித்தது ராக்மனினாஃப் இயற்றிய ‘சி ஷார்ப் மைனர் பிரிலூட்’. வளர்ந்தவர்களின் கைகளையே சோதிக்கும் உருப்படி அது. ஒரே கை எட்டுச் சுரம் அகலத்துக்கு விரிந்து கட்டைகளை அழுத்த வேண்டும். எட்டு வயதுக் குழந்தையின் விரல்கள் எட்டவில்லை. அவள் நிறுத்தவில்லை, தன் கைக்கு எட்டும் தூரத்தில், ஆறு சுர இடைவெளியில், காதுக்கு இனிமையாக ஒலிக்கும்படி அந்த இடங்களை மாற்றி அமைத்து வாசித்தாள். இசைப்பள்ளியின் இயக்குநர் ஃபிராங்க் டாம்ரோஷின் காதில் அது விழுந்தது. ராக்மனினாஃப்பைத் திருத்தி வாசிக்கும் துணிச்சல் யாருக்கு வந்தது என்று கோபத்தோடு விசாரிக்க வந்தார். வந்து பார்த்தால், பியானோ முன்னால் ஒரு குழந்தை. தேர்வு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் வாக்னர், இவள் மேதை என்று அவரிடம் சொன்னார். வயது விதிக்கு விலக்குக் கிடைத்தது. உதவித்தொகையோடு வாக்னரிடமே பாடம்.

பகலில் ஜூலியார்ட் பாடம். மாலையில் வீட்டில் இன்னொரு பாடம். அம்மாவின் நட்பு வட்டம் அப்படி: ஆர்ட் டேட்டம், ஃபேட்ஸ் வாலர், லெஸ்டர் யங் என்று ஜாஸ் உலகின் பெருங்கலைஞர்கள் வந்துபோகும் வீடு அது. பாக்கும் ஷோபேனும் ஒரு காதில், ஹார்லெமின் ‘பூகி வூகி’ இன்னொரு காதில். இரண்டும் ஒரே பியானோவில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் சீக்கிரமே கேட்கப்போகிறது.

*

அதற்கான மேடை 1938 டிசம்பரில் திறந்தது. கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஷெரிடன் சதுக்கத்தில், ‘கஃபே சொசைட்டி’ என்ற இரவு விடுதி. உரிமையாளர் பார்னி ஜோசஃப்சன், செருப்பு விற்றுப் பிழைத்த மனிதர். ஹார்லெமின் புகழ்பெற்ற காட்டன் கிளப்பில் ஆடிப்பாடுபவர்கள் கறுப்பினத்தவர், உட்கார்ந்து பார்ப்பவர்கள் வெள்ளையர். ஜோசஃப்சனின் விடுதியில் மேடையிலும் எல்லோரும், மேசையிலும் எல்லோரும். அன்றைய நியூயார்க்கில் அப்படி ஓர் இடம் இருந்ததே பெரிய செய்தி.

அங்கே பாடிக்கொண்டிருந்தவர் பில்லி ஹாலிடே. தன் ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே அவர் கிளம்ப வேண்டி வந்தபோது, தனக்குப் பதிலாக ஹேஸலைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஹேஸலுக்கு அப்போது வயது 19. இந்தத் தொடரில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற ஒன்று இது: இந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் கதவு திறந்துவிட்டவர், இன்னொரு பெண்.

ஹேஸல் பியானோ முன்னால் வந்து உட்காருவார். ஷோபேனின் வால்ட்ஸ் ஒன்றை எழுதப்பட்டபடியே, ஒரு சுரம் பிசகாமல் தொடங்குவார். செவ்வியல் இசை ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு இடது கை மெல்லத் துள்ள ஆரம்பிக்கும். தாளம் நொண்டி நடை போடும், வேகம் கூடும், பாட்டு எங்கே மாறியது என்று பிடிப்பதற்குள் வால்ட்ஸ் முழு ஜாஸாக மாறியிருக்கும். லிஸ்ட், பாக் எல்லோரையும் இப்படி வாசித்தார். டெக்கா நிறுவனம் இசைத்தட்டுகள் போட்டது. புனிதமான இசையைக் கெடுக்கிறார் என்று சில விமர்சகர்கள் கோபித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் புரியவில்லை. அவரைப்போல மூலத்தை நன்றாகத் தெரிந்தவர்தான் மூலத்தை இப்படி விளையாட்டுக்கு அழைக்க முடியும்.

1940-இல் ஜோசஃப்சன் நகரின் கிழக்கு 58-ஆம் தெருவில் இரண்டாவது விடுதி திறந்தபோது, அதன் தலைமைக் கலைஞர் ஹேஸல். 1945 வாக்கில் அவருடைய ஆண்டு வருமானம் 75,000 டாலர். கொலம்பியா ஸ்டூடியோவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்த தெம்பில் இந்த மேடைகள் தந்த பணத்துக்கும் பங்கு உண்டு. சினிமா கைவிட்டாலும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத நிலையை அவர் விரல்கள் ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருந்தன.

*

ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹாலிவுட்டில் ஹேஸல் போட்ட நிபந்தனைகள்: கதாபாத்திரம் எதுவும் கிடையாது, திரையில் ஹேஸல் ஸ்காட்டாகவே வருவேன், டைட்டிலில் அப்படியே போட வேண்டும், வாசிக்கும் உருப்படியை நான் தேர்ந்தெடுப்பேன், என் உடையை நான் முடிவு செய்வேன். ஆகவேதான் அவருடைய படங்களில் அவரைப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் தெரிகிறது. சுற்றிலும் எல்லோரும் நடிக்கிறார்கள். இவர் மட்டும் தன் கச்சேரிக்கு வந்ததுபோல வந்து உட்காருகிறார்.

‘தி ஹீட்ஸ் ஆன்’ படத்திலேயே இன்னொரு காட்சி. ஒரு கறுப்புப் பியானோ, ஒரு வெள்ளைப் பியானோ. இரண்டுக்கும் நடுவில் ஹேஸல். ஒரு கை இதில், ஒரு கை அதில். ஒரே நேரத்தில் இரண்டும் பேசுகின்றன, முகத்தில் சிரமத்தின் சாயல்கூட இல்லை. 2019 கிராமி விருது விழாவில் பாடகி அலிசியா கீஸ் இரண்டு பியானோக்களுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்து, ஹேஸல் ஸ்காட்டின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினார். உலகம் முழுக்க எத்தனையோ இளைஞர்கள் அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்த நிபந்தனைகளுக்கு உள்ளேயும் ஒரு பொறி இருந்தது. கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுக் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்து வைப்பது ஸ்டூடியோக்களின் வழக்கம். தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் தியேட்டர்களுக்குப் பிரதி போகும்போது அந்தத் துண்டை வெட்டிவிடலாம். கதைக்குச் சேதம் வராது. பாடகி லீனா ஹார்னின் காட்சிகளுக்கும் இதுவே நடந்தது. ஹேஸல் ஹேஸலாகவே வந்ததில் அவருக்குக் கௌரவம் இருந்தது. வெட்டுகிறவனுக்கு வசதியும் இருந்தது. அவருடைய கையில் இருந்த ஒரே ஆயுதத்தின் மறுபக்கம் இப்படி இருந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இனி கோனின் சூளுரைக்கு வருவோம். ‘சம்திங் டு ஷௌட் அபௌட்’, ‘ஐ டூட் இட்’, ‘தி ஹீட்ஸ் ஆன்’ மூன்றும் 1943-இல் வந்தன. 1944-இல் ‘பிராட்வே ரிதம்’. 1945-இல் இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ராப்சடி இன் ப்ளூ’. அத்தோடு முடிந்தது. ஹாலிவுட் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. ஹேஸலுக்கு அப்போது 25 வயது.

கதவு சாத்தியதும் அவர் அடங்கிவிடுவார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அதே ஆண்டின் அக்டோபர் மாதம் அவர்களுக்குப் பதில் சொன்னது.

*

வாஷிங்டனில் ‘கான்ஸ்டிட்யூஷன் ஹால்’ என்ற பெரிய அரங்கம். உரிமை, ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ என்ற அமைப்புக்கு. சுதந்திரப் போரில் பங்கெடுத்தவர்களின் வழிவந்த பெண்களின் அமைப்பு. 1939-இல் மாபெரும் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு இதே அரங்கம் மறுக்கப்பட்டதையும், ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்த அமைப்பிலிருந்து விலகியதையும், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் 75,000 பேர் முன்னால் பாடியதையும் ஆறாம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஆறு வருடம் கழித்து ஹேஸல் அதே அரங்கத்தைக் கேட்டார். அதே பதில் வந்தது.

இம்முறை ஒரு வித்தியாசம். ஹேஸலின் கணவர் ஆடம் கிளேட்டன் பவல், ஹார்லெமின் தேவாலயப் போதகர்; நியூயார்க்கிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பின உறுப்பினர். திருமணம் நடந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. பவல் நேரே ஜனாதிபதி ட்ரூமனுக்குத் தந்தி அடித்தார். இனப் பாகுபாட்டைக் கண்டித்த ட்ரூமன், தனியார் அரங்கத்தின் விஷயத்தில் தான் தலையிட முடியாது என்று பதில் எழுதினார். அவருடைய மனைவி பெஸ் ட்ரூமன், அந்த அமைப்பு கொடுத்த தேநீர் விருந்துக்குப் போய்வந்தார். அமெரிக்காவில் ஜனாதிபதியின் மனைவியை நாட்டின் முதல் பெண்மணி என்பார்கள். பவல் அவரைக் கடைசிப் பெண்மணி என்றார். ட்ரூமன் கொதித்துப்போனார். அவர் பதவியில் இருந்தவரை பவலுக்கு வெள்ளை மாளிகைக் கதவு திறக்கவில்லை.

பத்திரிகைகளுக்கு இது பவலுக்கும் ட்ரூமனுக்கும் நடந்த சண்டை. யாருடைய கச்சேரி மறுக்கப்பட்டது என்பது அந்த இரைச்சலில் அமுங்கிவிட்டது. பெண் கலைஞர்களின் வரலாறு இப்படியும் தொலைகிறது. அவர்களுக்காகப் பேசும் ஆண்களின் குரலுக்கு அடியில்.

ஹேஸல் தன் வழியில் நடந்தார். கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைத்திருக்கும் அரங்கில் வாசிக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் அவர் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனார். 1948-இல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில், நடுவே பாதை விட்டு இரு புறமும் பிரித்து உட்கார வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டதும் மேடையேற மறுத்துவிட்டார். மாநிலக் காவலர்கள் துணைக்கு வர, ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. என் வாசிப்பைக் கேட்கக் காசு கொடுத்து வருபவர், என்னைப் போன்ற இன்னொருவர் பக்கத்தில் உட்கார ஏன் மறுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அதற்கு இன்றுவரை ஒழுங்கான பதில் கிடையாது.

அடுத்த ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் பாஸ்கோ என்ற சிற்றூரில், பயணத்தின் நடுவே சாப்பிட உட்கார்ந்த உணவகத்தில் நிறத்தைக் காரணம் காட்டி உணவு மறுத்தார்கள். ஹேஸல் வழக்குப் போட்டார். வென்றார். நீதிமன்றம் விதித்த இழப்பீடு 250 டாலர். அவர் ஒரு கச்சேரிக்கு வாங்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. வழக்குக்கு நடந்த நடையும் செலவழித்த நாளும் அதைவிடப் பெரியவை. ஆனால் அந்த மாநிலத்தின் நீதிமன்ற ஏட்டில் ஒரு தீர்ப்பு ஏறியது. அவருக்கு வேண்டியது அதுதான்.

*

இப்போது 1950-ஆம் ஆண்டின் கோடைக்காலத்துக்கு வந்துவிட்டோம். பதினோரு நாட்களுக்குள் மூன்று நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றையும் தேதியோடு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 22. நியூயார்க்கில் ‘ரெட் சானல்ஸ்’ என்ற சிறு நூல் வெளியாகிறது. விலை ஒரு டாலர். அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கம்யூனிஸ்டுகள் ஊடுருவிவிட்டார்கள் என்று சொல்லி, 151 பேரின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தார்கள். இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன், இயக்குநர் ஆர்சன் வெல்ஸ், நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், லீனா ஹார்ன். அந்த வரிசையில் ஹேஸல் ஸ்காட். ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் எந்தக் கூட்டத்தில் வாசித்தார், எந்த மனுவில் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு பட்டியல். எந்த நீதிமன்றமும் இதை விசாரிக்கவில்லை. சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ஜூன் 25. கொரியாவில் போர் வெடிக்கிறது. கம்யூனிஸ்ட் என்ற சொல் அமெரிக்காவில் ஒரே வாரத்தில் எதிரி என்ற சொல்லாக மாறுகிறது.

ஜூலை 3. டூமாண்ட் தொலைக்காட்சி வலையமைப்பில் ‘தி ஹேஸல் ஸ்காட் ஷோ’ தொடங்குகிறது.

அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் தன் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். வாரத்தில் மூன்று மாலை, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். வீட்டு வரவேற்பறைபோல அமைத்த அரங்கில் பெரிய பியானோ முன்னால் அழகான உடையில் ஹேஸல் உட்கார்ந்து பேசுவார், பாடுவார், வாசிப்பார். ஹாலிவுட் ஏப்ரன் கட்டப் பார்த்த அதே பெண், நாட்டின் வீடுகளுக்குள் விருந்தினராக இல்லாமல், விருந்தோம்புகிறவராக நுழைகிறார். வெற்று வேடிக்கை கிடையாது, வேலைக்காரி வேடம் கிடையாது, இசை மட்டும்.

அந்த நிகழ்ச்சியை நாம் பார்க்க முடியாது. ஒரு பகுதிகூட இன்று இல்லை. அன்றைய நேரடி ஒளிபரப்பைத் திரையிலிருந்தே படமாக எடுத்துவைப்பதுதான் ஒரே பதிவு முறை. டூமாண்ட் 1956-இல் மூடப்பட்டது. அதன் சேமிப்பில் இருந்த படச்சுருள்கள் எழுபதுகளில் லாரிகளில் ஏற்றப்பட்டு நியூயார்க் துறைமுக நீரில் கொட்டப்பட்டன என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996-இல் நாடாளுமன்ற நூலகத்தின் விசாரணையில் சாட்சி சொன்னார். ஹேஸலின் முகம் மட்டும் தனியாக அழிக்கப்படவில்லை, ஒரு வலையமைப்பின் நினைவே அழிந்தது. ஆனால் மற்ற பலருக்கு அதற்குப் பிறகும் மேடைகள் இருந்தன, வேறு பதிவுகள் இருந்தன. ஹேஸலுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் அமைந்த பெரிய மேடை இது ஒன்றுதான்.

ஜூலை போயிற்று. நிகழ்ச்சி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டில், அந்தச் சிறு நூல் எப்படி வேலை செய்கிறது என்பது நாட்டுக்கே தெரிந்தது. ஜீன் மியூர் என்ற நடிகை ஒரு தொலைக்காட்சித் தொடரில் அம்மாவாக நடிக்கவிருந்தார். அவர் பெயர் நூலில் இருக்கிறது என்று சில தொலைபேசி அழைப்புகள் வந்தன. விளம்பரம் கொடுத்த ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் உடனே அவரை நீக்கியது. குற்றச்சாட்டு உண்மையா என்று பார்க்கவில்லை. சர்ச்சை என்ற ஒன்றே போதும். அதே மாதம் பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டு பறிபோனது. 1947-இல் நாடாளுமன்றத்தின் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் குழு முன்னால் பதில் சொல்ல மறுத்த பத்து சினிமாக்காரர்களில் பெரும்பாலோர் அதற்குள் சிறைக்குப் போயிருந்தார்கள்.

ஹேஸலின் முன்னால் இருந்தது இதுதான். பேசாமல் இருந்தால், ஒரு தொலைபேசி மணியில் நிகழ்ச்சி போய்விடும். பேசினால், சந்தேகத்துக்குரியவர் என்ற செய்தி எல்லாப் பத்திரிகைகளின் முதல் பக்கத்திலும் வரும். வீட்டில் நான்கு வயது மகன். கணவர் அதே நாடாளுமன்றத்தின் உறுப்பினர். நவம்பரில் அவருக்குத் தேர்தல். அந்த விசாரணைக் குழுவுக்குப் போகாமல் இருக்க என்ன வழி என்றுதான் கலைஞர்கள் எல்லோரும் வழக்கறிஞர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹேஸலுக்குச் சம்மன் வரவில்லை. அவரே அந்தக் குழுவைத் தொடர்புகொண்டார். நான் வருகிறேன், என்னை விசாரியுங்கள் என்றார்.

1950 செப்டம்பர் 22. வாஷிங்டன். ஹாலிவுட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவர், இப்போது குழு உறுப்பினர்களுக்கு எதிரே உட்காருகிறார். தயாரித்து எடுத்துவந்த அறிக்கையை முழுவதும் தானே வாசிக்க வேண்டும் என்கிறார். அதில், கம்யூனிசத்தைப் பற்றி அவர் சொன்னது பாதி. மீதிப் பாதி, அந்த ஒரு டாலர் நூலை நம்பிக் கலைஞர்களின் பிழைப்பைப் பறிக்கும் விளம்பரதாரர்களையும் தொலைக்காட்சி முதலாளிகளையும் பற்றியது. சொந்தச் சம்பளம் யார் கையில் இருக்கிறதோ, அவர்களைப் பற்றியே.

அவர் வாசிக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து சரியாக ஏழாவது நாள், செப்டம்பர் 29 அன்று, டூமாண்ட் நிறுவனம் ஒரு முடிவெடுத்தது.

(அடுத்த வாரம்: அறிக்கையில் ஹேஸல் சொன்னது என்ன? அந்த ஏழு நாட்களில் நடந்தது என்ன? பாரிஸுக்கு ஏன் போனார்?)

தொடரும்